மகனுக்கு முடி இல்லாத நாட்டில்: தம்பிமார் கதையும் எட்டாம் ஹென்றியும்

   

அழைப்பிதழில் தலைப்பை 'வரலாறும் நாடகமும்' என்று பொதுப்படையாகப் போட்டிருக்கிறார்கள். சண்டை வரும் என்று தெரிந்துதான் அப்படிப் போட்டார்கள் போலும். எந்தச் சண்டை என்பது முன்வரிசையில் இருக்கும் நண்பர்களுக்குத் தெரியும். கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில் பல ஆண்டுகளாக நடந்து, முடியாமலே நிற்கிற சண்டை அது. இன்று ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது.

பிணக்கு

சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் இந்தத் திற்பரப்பில் மகாதேவரை வணங்கிவிட்டுத் திருநந்திக்கரை, பொன்மனை என்று போய்க் கல்குளத்தையும் திருவிதாங்கோட்டையும் தொடுவார்கள். வேணாட்டு அரசர்களின் பழைய தலைநகர்கள் அந்த ஓட்டப் பாதையிலேயே கிடக்கின்றன. ஆகவே 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவைப் பற்றி இங்கே பேசுவது அக்கம்பக்கத்துச் சங்கதி பேசுவதுதான்.

அவரைப் பற்றி நம் ஆய்வாளர்களிடையே இரண்டு கட்சி உண்டு. வரலாற்றுத் துறைக்காரர்கள் சங்குண்ணி மேனோனையும் (1878) நாகமய்யாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலையும் (1906) கையில் வைத்துக்கொண்டு, "முந்தைய அரசர் ராமவர்மாவின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் உரிமையில்லாத முடிக்கு ஆசைப்பட்டார்கள், அழிந்தார்கள், அவ்வளவுதான்" என்பார்கள். வில்லுப்பாட்டை அவர்கள் சான்றாக எண்ணுவதில்லை. நாட்டாரியல்காரர்கள் தம்பிமார் கதை என்ற வில்லுப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "முடியாவது மண்ணாவது! தம்பிமாரின் தங்கை மேல் அரசன் ஆசைப்பட்டான், அண்ணன்மார் மறுத்தார்கள், கொன்றான். அரண்மனை எழுத்தர்கள் அதை மூடி மறைத்தார்கள்" என்பார்கள்.

இந்த இரு கட்சியும் அண்மைக் காலமாக ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகின்றன. மார்த்தாண்ட வர்மா 'நம்ம ஊர் எட்டாம் ஹென்றி'யாம். 'தி டியூடர்ஸ்' என்ற ஆங்கிலத் தொடர் 2007இல் தொடங்கி 2010 வரை ஓடியதல்லவா, அதற்குப் பிறகுதான் இந்த உவமை நம் கட்டுரைகளில் அதிகம் புழங்குகிறது. வலிய அரசன், பிரபுக்களை ஒடுக்கியவன், கோயிலையும் அரசையும் ஒன்றாகக் கட்டியவன், பெண் விஷயத்தில் ரத்தம் சிந்தியவன் என்று பட்டியல் போட்டால் பொருத்தம் போலத்தான் தெரியும்.

எனக்கு இந்த உவமை முழுத் தவறு. உவமை தவறினால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். இந்த உவமையோடு சேர்ந்து தம்பிமார் கதையும் தப்பாகவே படிக்கப்படுகிறது என்பதுதான் என் வழக்கு.

ஹென்றிக்கு என்ன கவலை?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அறிந்த கதைதான். ஹென்றி 1509 முதல் 1547 வரை இங்கிலாந்தை ஆண்டவர். அண்ணன் ஆர்தரின் விதவை கேத்தரினை மணந்தார். மகள் மேரி பிழைத்தாள், மகன் நிலைக்கவில்லை. திருமணமே செல்லாது என்று ரோமாபுரியிடம் வழக்காடினார். ரோமாபுரி இசையாததால் திருச்சபையையே தன் கீழ்க் கொண்டுவந்து 1533இல் அதைச் செல்லாததாக்கினார். அடுத்தவள் ஆன் போலின், எலிசபெத்தைப் பெற்றாள். 1536 மே மாதம் அவள் தலை போயிற்று. மூன்றாமவள் ஜேன் சீமோர் 1537இல் எட்வர்டைப் பெற்றுவிட்டு இறந்தாள். பிறகும் மூன்று திருமணம். இத்தனை ஆட்டத்துக்கும் காரணம், அங்கே முடி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற பொருள் என்பது. மகனைப் பெற மனைவி வேண்டும். பெறாதவளுக்குப் பதில் வேறொருத்தி வேண்டும்.

இப்போது இந்த அரங்கில் ஒரு கேள்வி. ஹென்றியின் மனைவியர் பெயரை இங்கேயே நாலு பேர் வரிசையாகச் சொல்லிவிடுவீர்கள். மார்த்தாண்ட வர்மாவின் மனைவி பெயரை யார் சொல்வீர்கள்?

யாருமில்லை. அது உங்கள் குறை அல்ல. வேணாட்டில் முடி அரசனின் மகனுக்குப் போகாது, உடன்பிறந்தாளின் மகனான மருமகனுக்குப் போகும்; மருமக்கள்வழி என்பது அதுதான். மார்த்தாண்ட வர்மாவுக்கு வாரிசு வேண்டுமானால் அவருக்கு மனைவியே தேவையில்லை, உடன்பிறந்தாளோ மருமகளோ போதும். அவருக்குப் பின் 1758இல் பட்டம் ஏறிய கார்த்திகைத் திருநாள் ராமவர்மா அவருடைய மருமகன்தான், கோலத்துநாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்ட அரசகுலப் பெண்ணின் மகன். மார்த்தாண்ட வர்மாவின் தாய்வழியும் அப்படிக் கோலத்துநாட்டிலிருந்து வந்ததே. ஹென்றியின் அரண்மனை ஆண்பிள்ளை இல்லையே என்று அலறியது. வேணாட்டு அரண்மனையோ பெண்பிள்ளை இல்லையே என்று அலறியது. 1900இல் மூலம் திருநாள் காலத்தில் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமியரைத் தத்தெடுத்தார்களே, சேது லட்சுமி பாயி, சேது பார்வதி பாயி என்று, அது இந்த அலறலின் கடைசிச் சுற்று.

அரசரின் மனைவிக்கு அம்மச்சி என்று பெயர், அரசி அல்ல. அவள் பிள்ளைகள் தம்பி, தங்கச்சி. அவர்களுக்கு வீடுண்டு, நிலமுண்டு, மரியாதையுண்டு, முடி இல்லை. திருவனந்தபுரத்தின் பெயர்பெற்ற நான்கு அம்மவீடுகளின் பெயரைக் கேளுங்கள்: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நான்கும் நம் மாவட்டத்து ஊர்கள். இங்கிருந்து பேருந்தில் ஏறினால் அரைநாளில் நான்கையும் சுற்றி வந்துவிடலாம். அரசர்களுக்குப் பெண் கொடுத்த பூமி இது. முடியை மட்டும் இந்தப் பூமியின் பேரப்பிள்ளைகள் ஒருபோதும் சூடவில்லை.

கொச்சுமணியின் கல்யாணப் பேச்சு

இனி தம்பிமார் கதைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் தங்கித்தான் ஆக வேண்டும்.

கதையின் வடிவங்கள் பல. பெயர்களும் மாறும், வலிய தம்பி, குஞ்சுத் தம்பி என்பார்கள் பாடுகிறவர்கள். எலும்புக்கூடு இது: 1724 முதல் 1729 வரை ஆண்ட ராமவர்மா சுசீந்திரத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணைக் கண்டு மணக்கிறார். அபிராமி என்கிறது கதை. இரண்டு மகன்கள், ஒரு மகள் கொச்சுமணி. ராமவர்மா இறந்து மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்ததும் கொச்சுமணியைக் கேட்கிறார். பேச்சு முறிகிறது. தம்பிமார் பகைக்கிறார்கள், கொல்லப்படுகிறார்கள். தங்கை உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

பேச்சு ஏன் முறிந்தது? இங்கேதான் என் நண்பர்கள் வேகமாக நடந்து கடந்துவிடுகிறார்கள். பெண்வீட்டார் ஒரு நிபந்தனை வைத்தார்கள் என்கிறது மரபு. கொச்சுமணிக்குப் பிறக்கும் மகன் அடுத்த அரசனாக வேண்டும். மார்த்தாண்ட வர்மா அதற்கு இசையவில்லை. ஏ.பி. இப்ராகிம் குஞ்ஞு 1976இல் திருவிதாங்கூரின் எழுச்சி பற்றி எழுதிய நூலில் இந்தப் பாட்டு மரபைப் பொருட்படுத்தி எடுத்துப் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகும் நம்மவர்கள் அதை ஓர் ஓரக் குறிப்பாகவே வைத்திருப்பது எனக்கு வியப்பு.

இந்த நிபந்தனையை நிறுத்திப் படியுங்கள். தம்பிமார் அரசனின் மக்கள், மருமக்கள்வழியில் அவர்களுக்குப் பட்டம் கிடையாது. அது அவர்கள் அன்னைக்கும் தெரியும். தகப்பன் வழியாகத் திறக்காத கதவை மருமகன் வழியாகத் திறக்கப் பார்க்கிறாள் அவள். கொச்சுமணியின் மகனுக்குப் பட்டம் என்று அரசன் ஒரு முறை ஒப்புக்கொண்டால் போதும், முறையே தலைகீழாகிவிடும். இனி முடி அரசனின் மகனுக்குப் போகும். ஒரு கல்யாணப் பேச்சில் ஓர் அரச வம்சத்தின் தாயவழியை அறுத்துவிடுகிற கோரிக்கை அது. அதற்கு 'ஆகட்டும்' என்று சொல்லியிருந்தால் மார்த்தாண்ட வர்மா தன் பட்டத்துக்கே குழி தோண்டியிருப்பார். மகனுக்குத்தான் முடி என்றால் 1729இல் ராமவர்மாவின் மகன் பப்புத் தம்பி அல்லவா அமர்ந்திருக்க வேண்டும்?

ஆக, வரலாற்றுத் துறையார் சொல்லும் முடிச்சண்டையும் நாட்டாரியலார் சொல்லும் பெண்சண்டையும் இரண்டல்ல. ஒரே வழக்கின் இரண்டு மனுக்கள். சான்றில்லை என்று வில்லுப்பாட்டைத் தள்ளியவர்கள் அந்த வழக்கின் மிகக் கூர்மையான வாதத்தைத் தள்ளிவிட்டார்கள். காமம் என்று பாடியவர்களின் பக்கம் நின்றவர்கள் அந்த வாதத்தைக் காமத்தில் கரைத்துவிட்டார்கள். இந்தப் பேச்சு உண்மையிலேயே நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்ததோ இல்லையோ, பாட்டுக் கட்டியவர்களுக்குச் சண்டையின் சட்டக் கூறு துல்லியமாகத் தெரிந்திருந்தது. என் வாதத்துக்கு அது போதும்.

இதற்கு ஏடு தரும் துணையும் இருக்கிறது. பப்புத் தம்பி திருச்சிராப்பள்ளிக்குப் போய் முறையிட்டதையும், அங்கிருந்து அழகப்ப முதலியார் படையோடு விசாரிக்க வந்ததையும் சங்குண்ணி மேனோன் எழுதியிருக்கிறார். முதலியார் இருதரப்பையும் கேட்டு, மருமக்கள்வழிப்படி தம்பிமாருக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கிருந்து வந்தவர் அவர்? தகப்பன் சொத்து மகனுக்கு என்பதே வழக்கமான சீமையிலிருந்து. அவர் ஊரில் என்றால் தம்பிமார்தான் வென்றிருப்பார்கள். ஹென்றியின் வழக்கை விசாரிக்க 1528இல் லண்டனுக்கு வந்த கார்டினல் கம்பெஜியோ தீர்ப்புச் சொல்லாமலே திரும்பினார். நம் முதலியார் தீர்ப்புச் சொன்னார், அதுவும் தன் ஊர் முறைக்கு மாறாக. கையூட்டு வாங்கினார் என்று ஒரு நண்பர் சொல்லுவார். வாங்கியிருக்கட்டும், தீர்ப்பின் காரணமாக அவர் எதைக் காட்டினார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பிறகு 1730ஐ ஒட்டி நாகர்கோவில் அரண்மனையில் தம்பிமார் கொல்லப்பட்டார்கள். வழக்கு முடிந்தது, பாட்டு தொடங்கியது.

பாட்டு ஏன் தம்பிமார் பக்கம் நிற்கிறது? பாவம் பார்த்து என்பார்கள். கொலையுண்டவர்களைத் தெய்வமாக்கிக் கொடை நடத்தும் மண் இது, அது உண்மையே. நான் இன்னொன்றும் சொல்வேன். கேட்டவர்கள் நாஞ்சில் நாட்டவர்கள். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டில் காரணவர் இறந்தால் சொத்து மருமக்களுக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு பங்கு, அதற்கும் வழக்கு வம்பு. தகப்பன் வீட்டுத் திண்ணையில் வளர்ந்து, தகப்பன் கண்மூடியதும் வெளியே நிற்கும் மகனின் கசப்பு இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. தம்பிமார் அந்த மகன்கள்தான், அளவு மட்டும் பெரிது. அவர்கள் கேட்டது உகந்துடைமைக்கு மேலே, முடியே. கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தைத் தம்பிமார் கதைக்கு உரையாகப் படிக்கலாம் என்று நான் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான். நண்பர்கள் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். நம்ம ஊர் எட்டாம் ஹென்றியைத் தேடுகிறவர்கள் பத்மநாபபுரத்தில் தேட வேண்டாம், கவிமணியிடம் போகட்டும். அங்கே பஞ்சகல்யாணிப் பிள்ளை இருக்கிறார், ஐந்து கல்யாணம். ஆனால் அவர்கூட வாரிசுக்காகக் கட்டவில்லை, வாரிசு வேறு வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறான்.

தம்பிமாரை 'வைப்பின் மக்கள்' என்று எழுதும் வழக்கத்தையும் இதோடு கைவிட வேண்டும். ஹென்றிக்கு அப்படி ஒரு மகன் இருந்தான், ஹென்றி ஃபிட்ஸ்ராய், 1519இல் பிறந்தவன். ரிச்மண்ட் பிரபு ஆக்கப்பட்டான், 1536இல் இறந்தான். தாய்க்குத் தாலி இல்லை என்பதால் முடி இல்லை. தம்பிமாருக்கு அந்தக் குறை கிடையாது. அவர்கள் தாயின் உறவு முறையான உறவு. தாய் வேறு தறவாட்டுக்காரி என்பதால்தான் முடி இல்லை. ஃபிட்ஸ்ராயின் தாயை மணந்திருந்தால் வழி பிறந்திருக்கும். அபிராமியை ஆயிரம் முறை மணந்தாலும் வழியில்லை.

நாடகம்

நேரம் ஓடுகிறது. 'தி டியூடர்ஸ்' பற்றி ஒரு வார்த்தை. ஹென்றியின் அக்காளையும் தங்கையையும் ஒருத்தியாக்கி, போர்ச்சுகல் அரசனுக்குக் கட்டிக்கொடுத்து, அவனை அவள் தலையணையால் அமுக்கிக் கொல்வதாகக் காட்டினார்கள். உண்மையில் தங்கை மேரி 1514இல் பிரான்சின் பன்னிரண்டாம் லூயியை மணந்தாள், அவர் மறுவருடமே தானாகவே இறந்தார். ஆளை மாற்றினார்கள், ஊரை மாற்றினார்கள். ஆனால் மகன் வேண்டும் என்ற அச்சாணியை அவர்கள் மாற்றவில்லை, அதனால் வண்டி ஓடியது. நம் கதையைத் தொடராக எடுப்பவர்கள் கொச்சுமணியைப் பட்டத்தரசியாக வரத் துடிக்கும் காதலியாக்கினால் அச்சாணியே கழன்றுவிடும்.

சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' (1891) தம்பியைப் பெண்பித்தராக்கிவிட்டது. பாறுக்குட்டியைத் துரத்தும் தம்பியைப் படித்தவனுக்கு அவர் கோரிக்கையில் நியாயம் இருக்கலாம் என்று தோன்றாது. அந்த நாவலை 1933இல் ஊமைப்படமாகத் தயாரித்தவர் நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ். பதிப்புரிமை வழக்கில் படம் முடங்கியது. அதைப் பற்றியே தனிச் சொற்பொழிவு நடத்தலாம், இன்று முடியாது.

இனிச் செய்ய வேண்டியவை

மார்த்தாண்ட வர்மா ஒடுக்கிய பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார் பற்றியும் பேசுவேன் என்று அழைப்பிதழில் இருக்கிறது. அவர்களையும் இந்தத் தாயவழிக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். ஆற்றிங்கல் ராணிகள் தனி வேலை. வாரிசைப் பெற்றவர்கள் அவர்கள், 1721இல் ஆங்கிலேயரோடு நடந்த ஆற்றிங்கல் கலவரம்வரை அரசியலிலும் இருந்தார்கள். தமிழில் அவர்களைப் பற்றி விரிவான நூல் வேண்டும். நான்கு அம்மவீடுகளின் நிலப் பத்திரங்களை யாராவது இளைஞர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

1925இல் நாயர் சட்டமும் 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் வந்தபோது அரசுப் பொறுப்பில் இருந்தவர் சேது லட்சுமி பாயி, தாயவழிக்காகவே தத்தெடுக்கப்பட்ட பெண்மணி. இதை வைத்து முனைவர் பட்டமே வாங்கலாம்.

தம்பிமார் கதையை வில்லில் பாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு புலவரிடமும் கல்யாணப் பேச்சுப் பகுதியை மட்டும் தனியாகப் பதிவு செய்து ஒப்பிட வேண்டும், நிபந்தனையை யார் வாயில் வைக்கிறார்கள், தாய் வாயிலா அண்ணன் வாயிலா என்று. மகன்வழிச் சமூகத்துப் பாடகரும் மருமக்கள்வழிச் சமூகத்துப் பாடகரும் அந்த இடத்தில் பிரிவார்கள் என்பது என் ஊகம். வரும் கொடைக் காலத்திலேயே தொடங்கலாம். பதிவுக் கருவி நான் தருகிறேன். நண்பர்கள் மறுத்துப் பேச விரும்பினால் அடுத்த ஆண்டு இதே மேடை இருக்கிறது.