ஜஸ்வந்த் சிங்குக்கு விடியற்காலைத் தேநீர்



அருணாசலப் பிரதேசத்தில் சேலா கணவாயைத் தாண்டி தவாங் போகிற மலைச்சாலையில், ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் ஜஸ்வந்த்கட் என்ற நினைவிடம் இருக்கிறது. அங்கே பொழுது விடியுமுன் ஒரு ஜவான் தேநீர் கொண்டுவந்து வைப்பார். பிறகு காலைச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு. படுக்கையைத் தட்டி விரிப்பார்கள், சீருடைக்கு இஸ்திரி போடுவார்கள், பூட்ஸை மினுங்கத் துடைப்பார்கள். அத்தனையும் 1962-இல் சீனாவுடன் நடந்த போரிலேயே உயிர்விட்ட ரைபிள்மேன் ஜஸ்வந்த் சிங் ராவத்துக்கு!

கார்வால் ரைபிள்ஸ் நான்காம் பட்டாலியன் வீரர் அவர். வயது 21. அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று அதே மலைப்பகுதியிலுள்ள நூரானாங்கில் சீனப்படை திரும்பத் திரும்பத் தாக்கியது. அவர்களுடைய இயந்திரத் துப்பாக்கி ஒன்று மிக நெருங்கி வந்து, நம்மவர்களைத் தலைதூக்க விடவில்லை. ஜஸ்வந்த், லான்ஸ் நாயக் திரிலோக் சிங் நேகி, ரைபிள்மேன் கோபால் சிங் குசாயின் மூவரும் தாமாகவே புறப்பட்டார்கள். தவழ்ந்தே போய், கையெறி குண்டு வீசி, அந்தத் துப்பாக்கியையே பறித்துவிட்டார்கள். திரும்பும் வழியில் ஜஸ்வந்தும் திரிலோக்கும் வீழ்ந்தார்கள். படுகாயத்தோடு கோபால் சிங் துப்பாக்கியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஜஸ்வந்த் தனியாளாக மூன்று நாள் நின்று 300 பேரைச் சாய்த்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது. எனக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. சாவு எதிரே இருக்கிறதென்று தெரிந்தும் தவழ்ந்து போனாரே, அதற்கே கை தானாகக் குவிகிறது.

படைவீரர்களுக்கு அவர் இன்று 'பாபா'. எல்லைக்குப் போகிற ராணுவ வண்டிகள் அங்கே நின்று, அதிகாரியும் ஜவானும் இறங்கி வணங்கிவிட்டுத்தான் நகரும். சிக்கிமில் நாதூலா அருகே, 1968-இல் பணியில் இறந்த ஹர்பஜன் சிங்குக்கும் இப்படியொரு கோயில் உண்டு. அவர் இன்னமும் எல்லையில் ரோந்து போகிறார் என்று நம்புகிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பனியில் காவல் நிற்கிறவனுக்கு, முன்னே போனவன் பக்கத்தில் இருக்கிறான் என்ற நம்பிக்கை எத்தனை பெரிய பலம்!

ஒரே ஒரு மனக்குறை. ஜஸ்வந்துக்கு மகாவீர் சக்கரம். திரிலோக்குக்கும் கோபாலுக்கும் வீர் சக்கரம். விருது மூவருக்கும் கிடைத்தது. ஆனால் அந்த இருவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தவாங் போகும் வாய்ப்புக் கிடைத்தால் ஜஸ்வந்த்கட்டில் இறங்குங்கள். கைகூப்பும்போது திரிலோக் சிங் நேகி, கோபால் சிங் குசாயின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.