கதிர்காமக் காட்டு வழியைப் பேணுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கதிர்காம யாத்திரையின் பெருமையை எடுத்துரைப்போர் பலர் உளர். அதனை இன்று நாம் பேசப் போவதில்லை. யாத்திரிகர் நடந்து சென்ற பின் அவ்வழி எந்நிலையிற் கிடக்கிறது, அதனைப் பேணுவார் யார் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவற்றைக் கடந்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து உகந்தைமலை முருகன் கோயிலை அடைகின்றனர். அதுவரை வழியெங்கும் ஊர்கள் உண்டு. உகந்தைக்கு அப்பால் குமண தேசிய பூங்கா. குமுக்கன் ஆற்றைத் தாண்டினால் யால. நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கிக் கதிர்காமம் சேர நான்கைந்து நாட்கள் செல்லும். யுத்தத்தின் காரணமாக 1985 முதல் 2003 வரை குமண பூங்கா மூடப்பட்டுக் கிடந்தது. இப்பொழுது கொடியேற்றத்தை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டும் காட்டு வழி திறக்கப்படுகிறது. அந்தச் சில நாட்களில் பல்லாயிரவர் நடக்கின்றனர். யானையும் சிறுத்தையும் கரடியும் ஆண்டு முழுவதும் வாழும் இடத்துக்கு நாம் விருந்தினராகப் போகிறோம்.

முற்காலத்து யாத்திரிகர் அரிசியும் பனங்கட்டியும் ஓலைப்பெட்டியிலே கொண்டு போயினர். இலையிலே உண்டனர், சிரட்டையிலே குடித்தனர். அவர்கள் எறிந்ததை அடுத்த மாரி மண்ணாக்கிவிட்டது. இன்றைய மூட்டையில் இருப்பவை பிளாஸ்ரிக் போத்தல், பிஸ்கற் உறை, பொலித்தீன் பை. மதிய உணவு சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாள் 2017ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டப்படி தடை செய்யப்பட்டது. சட்டம் காட்டுக்குள்ளே நடந்து வருவதில்லை போலும்.

சொல்லச் சற்றுத் தயக்கமாக இருப்பினும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. இக்குப்பையில் ஒரு பங்கு தருமத்தால் வருவது. அடியாருக்குத் தண்ணீரும் சோறும் கொடுப்பது பெரும் புண்ணியம், அதில் ஐயமில்லை. ஆனால் ஆயிரம் போத்தல் தண்ணீர் கொடுத்தவர் ஆயிரம் வெறும் போத்தல்களையும் காட்டுக்கு அனுப்பிவிட்டார் அல்லவா? தாங்கியில் நீர் வைத்து, அவரவர் செம்பில் நிரப்பிக் கொடுத்தால் புண்ணியத்தில் ஒரு துளியும் குறையாது. உணவின் மணம் ஒட்டிய பொலித்தீனை விலங்கு வேறுபடுத்தி அறிவதில்லை. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்னுமிடத்துக் குப்பை மேட்டிலே பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய இருபது யானைகள் மாண்டன என்று 2022இல் செய்தி வெளியாயிற்று. அந்த மாவட்டத்தின் வழியாகத்தான் நாம் உகந்தைக்குப் போகிறோம்.

இனித் தண்ணீரைப் பார்ப்போம். யாத்திரை நடைபெறும் ஆனி, ஆடி மாதங்கள் அப்பகுதிக்கு வறட்சிக் காலம். ஆற்றில் நீரோட்டம் குறைந்து மணல் தெரியும். வற்றிய இடங்களில் மணலைத் தோண்டினால் ஊற்று நீர் சுரக்கும். மணலே அதனை வடிகட்டித் தருகிறது. யானையும் அப்படியே தோண்டிக் குடிக்கிறது. அதே ஆற்றுப் படுக்கையில் ஒருவர் மலங்கழித்தால், பின்னே வருபவர் தோண்டும் ஊற்றில் நோய் ஊறும். நீரிலிருந்து 60 மீற்றராவது, அதாவது எண்பது தப்படியாவது விலகி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். அதற்கு மேல் ஆழமும் வேண்டாம். கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மேல் மண்ணிலேதான் மிகுதி. குழுவுக்கு ஒரு சிறு மண்வெட்டி போதும். கூடாரத்தையும் நீர்க்கரையில் அடிப்பது தகாது. அந்தியில் விலங்குகள் நீருக்கு வரும் வழியை மறிப்பது அவற்றுக்கும் கேடு, நமக்கும் ஆபத்து. மாணிக்க கங்கையைப் பற்றியும் ஒரு சொல்: கதிர்காமத்திற் சவர்க்காரம் கரைத்த நீர்தான் கீழே யாலக் காட்டுக்குள் ஓடுகிறது.

இவற்றையெல்லாம் யார் செய்வது? அரசாங்கம் செய்யட்டும் என்பது நமக்குப் பழகிப்போன விடை. திருநாவுக்கரசு நாயனார் அவ்விடையைச் சொல்லவில்லை. உழவாரத்தைக் கையிலேந்தித் தாமே கோயில் வீதியிற் புல்லைச் செதுக்கினார். நடந்து செல்லும் வழியும் கோயிலைச் சேர்ந்ததே என்று கொண்டால் அந்தத் தொண்டு காட்டிலும் உண்டு.

தொண்டர்கள் நெடுவழியைப் பேணுவது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோருக்கு அமெரிக்காவிலே ஒரு சான்று இருக்கிறது. 1921இல் பென்டன் மக்காய் என்பவர் அந்நாட்டின் கிழக்கு மலைத்தொடர் நெடுக ஒரு நடைபாதை வேண்டுமென எழுதினார். 1937இல் அப்பலாச்சியன் பாதை தொடர்ச்சியாக நிறைவெய்தியது. 14 மாநிலங்களூடாக ஏறக்குறைய 3,500 கிலோமீற்றர். இதனைப் பேணுவோரில் மிகப் பலர் சம்பளம் பெறாத தொண்டர்கள். முப்பது அளவிலான கழகங்கள் பாதையைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. கழகத்துக்குள்ளே இந்தத் துண்டு இன்னாருடையது என்று பிரித்துக் கொடுக்கின்றனர். அவர் ஆண்டுதோறும் சென்று விழுந்த மரத்தை அகற்றுகிறார். சரிவிலே குறுக்காகக் கல்லையோ மரக்குற்றியையோ பதித்து மழைநீர் பாதையை அரிக்காமல் ஓரத்துக்கு வடியச் செய்கிறார். 2024இல் ஹெலீன் புயல் தென்பகுதியில் பெருமளவு மரங்களைச் சாய்த்தபோதும் இத்தொண்டர்கள் வாளெடுத்துச் சென்றனர். நமக்கு வேண்டியது அவர்களுடைய பணமன்று; துண்டு பிரித்துப் பொறுப்பேற்கும் அந்த ஏற்பாடு. ஒரு நாள் போய்ச் சாக்கோடு நின்று படம் பிடித்து வருவதால் வழி சுத்தமாகிவிடாது.

ஆதலால் உகந்தையிலிருந்து குமுக்கன் ஆறு வரையுள்ள வழியை நம் சங்கம் பொறுப்பேற்கலாம் என்று கேட்கிறோம். பத்துப் பேர் உகந்தையில் நின்று, உள்ளே போவோரின் பொலித்தீனை வாங்கித் துணிப்பையோ கடதாசிப் பையோ கொடுக்கட்டும். இருபது பேர் கடைசி யாத்திரிகருக்குப் பின்னே, வழி மூடப்படுவதற்கு முன் நடந்து, கிடப்பவற்றைச் சாக்குகளிற் பொறுக்கி வரட்டும். எரித்துவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். வறண்ட காட்டிலே ஒரு தீப்பொறி போதும். சாக்குகளை வெளியே ஏற்றிவர ஒரு லொறி வேண்டும். காட்டுக்குள் ஒரு கொப்பையும் வெட்ட நமக்கு உரிமையில்லை என்பதையும் நினைவிற் கொள்க. இப்படியான உரையைக் கேட்க வருவோர் தொகையும் சாக்குத் தூக்க வருவோர் தொகையும் ஒன்றாயிரா என்பது நாம் அறிந்ததே. ஆகவே முப்பது பேருக்கு ஐம்பது பெயர் வேண்டும்.

பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றே கொடுக்கலாம். வனசீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. ஆனியிலே கேட்டால் காலம் போதாது. சித்திரை பிறந்தவுடன் கடிதம் போய்ச் சேர வேண்டும்.