பதினைந்து பேர் கேட்டால் போதும்

(கம்போங் மேடான் பெற்றோர் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



வேலை முடிந்து நேராக வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே பேசுகிறேன்.

தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுத்த வழக்கை 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆக, ஆறாம் ஆண்டு வரை தமிழ் உண்டு. அதற்குப் பிறகு? இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளை தமிழை விட்டுவிடுகிறான். நீதிமன்றத்தில் காப்பாற்றியதைப் படிவம் ஒன்றில் தொலைக்கிறோம்.

1996 கல்விச் சட்டத்தின் 2-ஆவது பிரிவைக் கேளுங்கள். தேசியப் பள்ளியானாலும் தேசிய இடைநிலைப்பள்ளியானாலும், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரவேண்டும். ஒரு வகுப்பில் 15 அல்ல, பள்ளி முழுவதிலும் 15. கேட்க வேண்டியது கட்சியும் அல்ல, சங்கமும் அல்ல, பெற்றோராகிய நீங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அந்தப் பிரிவு தாளிலேயே கிடக்கும்.

"ஆசிரியர் இல்லை" என்பார்கள். "சரிங்க சார்" என்று திரும்பிவிடாதீர்கள். வாய்ப்பேச்சும் வேண்டாம். கடிதம் கொடுங்கள். பெற்றோர் பெயர், பிள்ளையின் பெயர், வகுப்பு, கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். உங்கள் பிரதியில் பள்ளி அலுவலகத்தின் சாப்பும் தேதியும் வாங்குங்கள். இன்னொரு பிரதி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகட்டும். சாப் இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம் மாதிரிதான். இது என் தொழில் அனுபவம்.

கடிதம் மலாயில் இருக்கட்டும். தமிழ் கேட்க மலாயா என்று சிரிக்காதீர்கள். போலீஸ் நிலையத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். மலாயைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். தமிழை நாம் கேட்டால்தான் கிடைக்கும்.

2001 மார்ச்சில் இந்த வட்டாரம் பட்டதை நீங்கள் மறக்கவில்லை. "எதற்கு வம்பு, பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களே" என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது சண்டை இல்லை, மனு. பிற மொழிகளைக் கற்கவோ கற்பிக்கவோ தடையில்லை என்று அரசியலமைப்பின் 152-ஆவது விதியே சொல்கிறது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஐந்தாறு பேராகப் போங்கள்.

ஒன்று மட்டும் இப்போதே பேசி வையுங்கள். வகுப்பைப் பள்ளி முடிந்த பிறகு வைத்தால் வேன் போய்விடும், பிள்ளையும் கூடவே போய்விடும். எந்த நாள், யார் வேன் என்பதை முடிவு செய்துவிட்டுக் கடிதம் கொடுங்கள்.

மாதிரிக் கடிதம் பின்னால் மேசையில் இருக்கிறது. பள்ளி வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பேனாவும் அங்கேயே இருக்கிறது.