எண்ணிக்கை வேறு, எண்ணம் வேறு

பொன்னை உரைகல்லில் உரசிப் பாராமல், அது வந்த பேழையின் பகட்டைக் கண்டு விலை கூறுபவனை என்னென்பீர்கள்? பேதை என்பீர்கள். அந்தப் பேதைமையைத்தான் பல்கலைக் கழகங்கள் விதியாக்கி வைத்தன! ஆய்வாளன் கண்டது என்ன என்று கேட்கவில்லை. எத்தனை கட்டுரை, எந்த இதழில் என்றே கேட்டன.

'தாக்கக் காரணி' என்றோர் அளவுகோல். ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், இவ்வாண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாளப்பட்டன என்ற கணக்கு அது. 1960களில் அமெரிக்க அறிஞர் யூஜின் கார்பீல்டு, தமது அட்டவணைக்கு இதழ்களைத் தேர்ந்தெடுக்கவே அதனைப் பயன்படுத்தினார். இதழை அளக்கப் பிறந்த கோல், மனிதனை அளக்கும் கோலாயிற்று!

1964ல் துகள்களுக்கு நிறை வந்த விதத்தை விளக்கியவர் பீட்டர் ஹிக்ஸ். அதன்பின் அவர் எழுதிய கட்டுரைகள் மிகச் சிலவே. 2013ல் நோபல் பரிசு பெற்ற அவரே, இன்றைய முறையில் தமக்குப் பல்கலைக் கழகப் பணி கிடைத்திராது என்றார். கேலியா அது? குற்றச்சாட்டு!

இங்கே நடந்தது என்ன? 2010ல் பல்கலைக் கழக மானியக் குழு, ஆசிரியர் பணிக்குப் புள்ளியிடும் முறையைக் கொணர்ந்தது. புள்ளிக்குக் கட்டுரை வேண்டும், கட்டுரைக்கு இதழ் வேண்டும், இதழோ கடைச்சரக்காயிற்று! 2018 மே திங்களில், தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை அக்குழுவே நீக்க நேர்ந்தது. பணம் கொடுத்துக் கட்டுரை அச்சிட வசதியுள்ளவன் தப்பினான். குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்று, உதவித்தொகையை நம்பி வந்த இளைஞன் என்ன செய்வான்?

2012ல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள், இதழின் எண்ணால் ஆய்வாளனை அளக்காதீர் என அறிக்கை வகுத்தனர். 2022ல் ஐரோப்பிய நிறுவனங்கள் பல ஒப்பந்தமே செய்தன. அதே ஆண்டில் இங்கும், ஆய்வேடு அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. 2025ல் குழுவின் இதழ்ப் பட்டியலும் கைவிடப்பட்டது. நன்று! ஆனால் பழைய கோலை முறித்தால் போதுமா? புதிய உரைகல் எங்கே?

'படித்து மதிப்பிடு என்றால், வேண்டியவனுக்குச் சலுகை வாராதா?' எனக் கேட்பர். நியாயமான ஐயம். ஆகவேதான் கேட்கிறோம்: ஆய்வாளன் தன் சிறந்த படைப்புகள் மூன்றைத் தரட்டும். வெளியறிஞர் படிக்கட்டும். தீர்ப்பின் காரணத்தை எழுதி வெளியிடட்டும். தாய்மொழியில் எழுதிய ஆய்வும், வகுப்பறையில் உழைத்த உழைப்பும் கணக்கில் ஏறட்டும்.

எண்ணுவதற்கு இயந்திரம் போதும், தோழர்களே! எடைபோட அறிவு வேண்டும், அறம் வேண்டும். அறிவை வளர்க்கும் கூடம், அறிவைப் படித்துப் பார்க்கவும் மறுப்பதோ? கேளுங்கள், விடை வரும்வரை கேளுங்கள்!