தானியமா, பணமா? – நுகர்வோர் விருப்பத் தேர்வுக் கோட்பாடு கூறுவது

ஏழைக் குடும்பத்திற்கு அரசு அளிக்கும் உதவி பொருளாக அமைய வேண்டுமா, பணமாக அமைய வேண்டுமா என்ற வினா நிர்வாகத்தில் அடிக்கடி எழுகிறது. இதற்கு விடை காண, வகுப்பறையில் பயிலும் நுகர்வோர் கோட்பாடு பெரிதும் துணைபுரிகிறது.

பயன்பாட்டை அளந்தறியலாம் என்ற கருத்தின் மீது மார்ஷல் 1890இல் தம் தேவைக் கோட்பாட்டை நிறுவினார். அளக்கத் தேவையில்லை, நுகர்வோர் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தினாலே போதும் என்பதை ஹிக்ஸும் ஆலனும் 1934இல் விளக்கினர். வரவு செலவுக் கோடு, எட்டக்கூடிய மிக உயர்ந்த சமநோக்கு வளைகோட்டைத் தொடும் இடமே நுகர்வோர் சமநிலையாகும்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தினருக்கு ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் உரியது. அரிசி கிலோ 3 ரூபாய்க்கும் கோதுமை 2 ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. 2023 ஜனவரி முதல் இவை இலவசமாக்கப்பட்டன. ஐவர் கொண்ட குடும்பம் 25 கிலோ அரிசி பெறுகிறது. சந்தை விலை கிலோ 30 ரூபாய் எனக் கொள்வோமாயின், உதவியின் மதிப்பு 750 ரூபாய்.

அக்குடும்பம் மாதம் 40 கிலோ உண்பதாயின், எஞ்சிய 15 கிலோவைச் சந்தையில்தான் வாங்க வேண்டும். 25 கிலோவைப் பெற்றாலும் 750 ரூபாயைப் பெற்றாலும் அதன் வரவு செலவுக் கோடு அவ்விடத்தில் ஒன்றே, தேர்வும் மாறாது. 15 கிலோ மட்டுமே வேண்டி, மீதியைப் பாலுக்கும் பருப்புக்கும் செலவிட விரும்பும் குடும்பத்தின் நிலை வேறு. தானிய உதவி அதன் கோட்டை 25 கிலோவில் தடுத்து நிறுத்துகிறது. பணமோ அதனை உயர்ந்த வளைகோட்டிற்கு இட்டுச் செல்கிறது. ஆகவே பணம் ஒருபோதும் தாழ்ந்ததன்று என்பது பாடநூலின் முடிவு.

ஆனால் இம்முடிவு சில எடுகோள்களின் மீது நிற்கிறது. முதலாவது, விலை மாறாது என்பது. விலை 40 ரூபாயாக உயர்ந்தால், 750 ரூபாய்க்கு 18¾ கிலோவே கிடைக்கும். தானியம் பெறும் குடும்பத்திற்கோ 25 கிலோ 25 கிலோவாகவே இருக்கும். விலையேற்றத்திற்கேற்பப் பணம் உயர்த்தப்படாவிடில், இழப்பு முழுவதும் ஏழையைச் சாரும். இரண்டாவது, வேண்டிய பொருள் சந்தையில் தடையின்றிக் கிடைக்கும் என்பது. ஓரிரு கடைகளே உள்ள மலைக் கிராமத்தில் எல்லாக் குடும்பங்களும் பணத்துடன் வந்தால், விலையே ஏறக்கூடும். மூன்றாவது, குடும்பம் ஒரே மனிதரைப் போல் தேர்வு செய்யும் என்பது. பணத்தைச் செலவிடுபவர் யார் என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும். பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணையே குடும்ப அட்டைக்குரிய தலைவராக அச்சட்டம் கொள்வது இங்குக் கருதத்தக்கது.

சண்டிகரிலும் புதுச்சேரியிலும் 2015 செப்டம்பரில் தானியத்திற்குப் பதிலாகப் பணம் வழங்கும் முறை தொடங்கப்பெற்றது. கடைகள் நிறைந்த நகர்ப்புறங்களில் மேற்கூறிய இரண்டாவது எடுகோள் பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் நகரில் பொருந்துவதைத் தொலைதூரக் கிராமத்திற்கு அவ்வாறே விரித்தல் பொருந்தாது.

எனவே, தானியமா பணமா என்ற வினாவிற்கு நாடு முழுமைக்கும் ஒரே விடை இல்லை. வளைகோட்டை வரையும் மாணவரும் ஆணையை வரையும் அலுவலரும் எடுகோள்களை அந்தந்த ஊரில் சோதித்த பின்னரே முடிவிற்கு வருதல் வேண்டும்.