கடல் கடந்து கற்ற நூல்நிலையக் கலை
(வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நாடிக் கடல் கடந்து செல்வோர் நம்மிடையே பலர். பட்டத்தோடு திரும்புவோரும் பலர். ஆயின், அங்கே கண்டதைத் தம் மக்களுக்கு ஏற்றவாறு ஆக்கித் தந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவரைப் பற்றி இன்று சிந்திக்கப் புகுகின்றோம். அவர் 1892ஆம் ஆண்டில் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பதவியேற்ற சில நாட்களிலேயே அவருக்குச் சலிப்புத் தட்டியது. பழைய ஆசிரியத் தொழிலே போதும் என்று மன்றாடினார். முதலில் இலண்டன் சென்று பயின்று வருவது, அதன் பின்னும் மனம் ஒவ்வாவிடின் கல்லூரிக்கு மீள்வது என்று உடன்பாடாயிற்று. அவ்வாண்டிலேயே கப்பலேறினார்.

இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் அவர் பயின்றார். குறொய்டன் நகர நூலகரான பேர்விக் சேயர்ஸ் என்பார் அவருக்கு ஆசானாக வாய்த்தார். வகுப்பறையோடு நில்லாது, நூல்நிலையம் நூல்நிலையமாகச் சென்று பார்த்தார். தொழிலாளரும் சிறுவரும் நூல் பெற்றுச் செல்வதைக் கண்டார். நூல்நிலையம் பண்டிதருக்கு மட்டும் உரியதன்று என்பது அங்கே அவருக்குத் தெளிவாயிற்று.

மற்றொன்றும் கண்டார். நூல்களை அடுக்குவதற்கு அந்நாளில் வழங்கிய முறைகளில், ஒவ்வொரு பொருளுக்கும் முன்னரே ஓர் எண் குறிக்கப்பட்டிருந்தது. புதிய பொருள் தோன்றினால் அதற்கு இடம் காண்பது அரிது. ஒருநாள் செல்ஃபிரிட்ஜஸ் என்னும் பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டிப் பல உருவங்கள் செய்யலாம். நூலின் பொருளையும் அவ்வாறு கூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. நெற்பயிரின் நோயைப் பற்றிய நூல் என்றால் பயிர், நோய், இடம், காலம் எனக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறியிட்டு, முக்காற்புள்ளி போன்ற குறிகளால் இணைத்துவிடலாம். இதுவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

1925இல் திரும்பிய இரங்கநாதன் கல்லூரிக்கு மீளவில்லை. வாசகர் தாமே சென்று எடுக்குமாறு நூல் அடுக்குகளைத் திறந்துவிட்டார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற உழைத்தார். நூல் பயன்படுத்துவதற்கே உரியது என்பதை முதல் விதியாகக் கொண்ட ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி ஒன்று நூல்களைச் சுமந்து கிராமங்களுக்குப் புறப்பட்டது. இங்கிலாந்திற் கண்ட பயன் இங்கே மாட்டுவண்டியில் ஏறிற்று! 1948இல் சென்னை மாகாணத்திற் பொது நூலகச் சட்டமும் நிறைவேறிற்று.

நம் யாழ்ப்பாணமும் அவருக்குக் கடமைப்பட்டது. 1959இல் திறக்கப்பட்ட பொது நூல்நிலையத்தை அமைக்க ஆலோசனை கூறியவர்களுள் அவரும் ஒருவர். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரியூட்டப்பட்டதை நாம் மறக்க மாட்டோம். 2003இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. எனினும் கட்டடம் எழுந்துவிட்டால் நூல்நிலையம் எழுந்துவிட்டதாகாது. எரிந்த நூலை எவரும் வாசிக்க இயலாது. பூட்டிய அலுமாரியில் இருக்கும் நூலையும் எவரும் வாசிப்பதில்லை. பின்னதற்கு நாம் யாரையும் குறை கூற முடியாது.

பெரியோர்களே, நம் வாசிகசாலை அலுமாரிகளின் திறப்பை இளைஞர் கையிற் கொடுங்கள். இளைஞர்களே, நீங்கள் பிறநாடு சென்றால் அங்குள்ள நூல்நிலையங்களைத் தவறாது பாருங்கள். கணினிப் பட்டியலும், தானே நூல் வழங்கும் பொறியும் கண்டு வியப்பீர்கள். வியப்போடு நின்றுவிடாதீர்கள். இதனால் வாசகனுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகின்றது, யார் புதிதாக உள்ளே வருகின்றார் என்று கேளுங்கள். அதற்கான விடையைக் கொண்டு வாருங்கள். பொறி வாங்கப் பணமில்லாவிடினும், அவ்விடையை ஏற்றிச் செல்ல ஒரு சைக்கிள் போதும்.