காமன் கம்பம்



பசிபிக் சமுத்திரத்திலே, வனுவாட்டு நாட்டைச் சேர்ந்த பெந்தெகொஸ்தே என்னும் தீவில், இராசவள்ளி போன்ற கிழங்குகள் விளையும் பருவத்தில், ஆடவர் தம் கணுக்கால்களிற் கொடியைக் கட்டிக்கொண்டு உயர்ந்த மரக்கோபுரத்தினின்றும் தலைகீழாகக் குதிப்பர். இதனை வகுப்பிலே வியந்து கூறிய நான், பாடசாலைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆடப்பெற்ற காமன் கூத்தைப் பற்றி நெடுங்காலம் ஒரு சொல்லும் கூறியதில்லை. மாசி மாதத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் உறக்கங் கலையாத கண்களோடு வந்தால் கடிந்துகொள்வதே என் வழக்கமாயிருந்தது.

அப்பிள்ளைகளின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் உழைப்பதற்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தார்கள். வழியிலே வாந்திபேதியினால் மாண்டவர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலையும் இறப்பரும் வந்தன. பயிர் மாறியும் லயத்து வாழ்க்கை மாறவில்லை. விடியுமுன்னே தப்பு முழங்கும். அவ்வொலி கேட்டுப் பிரட்டுக் களத்திற் கூடுவர். மாலையிலே கொழுந்தை நிறுத்துவிட்டு லயம் திரும்புவர்.

அதே தப்பு மாசியிலே வேறு குரலில் ஒலிக்கும். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும், காமன் பொட்டலிலே கம்பம் நடுவார்கள். மன்மதனாகவும் ரதியாகவும் வேடம் புனைவோர் விரதங் காப்பர். ரதி வேடத்தையும் ஆடவரே ஏற்பது வழக்கம். இரவுதோறும் ஆட்டமும் பாட்டும் நிகழும். பௌர்ணமியை ஒட்டிச் சிவனுடைய நெற்றிக்கண் மன்மதனை எரிக்கும். ரதியின் ஒப்பாரி எழுந்ததும், சூழ்ந்திருக்கும் பெண்களும் கண்ணீர் வடிப்பார்கள். பின்னர் மன்மதன் உயிர் பெறுவான். பகலெல்லாம் பிறர் கட்டளைப்படி உழைத்த மக்கள், அவ்விரவுகளிலே தமக்குத் தாமே தலைவர்கள்.

ஓராண்டு நானும் சென்று பார்த்தேன். வகுப்பிலே இரண்டு வரி ஒப்புவிக்கத் தடுமாறும் மாணவன் ஒருவன், ரதியாக நின்று விடியும்வரை பிழையின்றிப் பாடினான். அவனுக்குக் கற்பித்த கூத்து வாத்தியார் பள்ளிக்கூட வாசலை மிதியாதவர். மறுநாள் நான் எவரையும் கடிந்துகொள்ளவில்லை.

மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தில் ஐந்து தேர்கள் வீதிவலம் வருவதை யாவரும் அறிவர். 1983 ஜூலை இனக்கலவரத்தில் சிதைவுற்ற அவ்வாலயம் மீண்டும் எழுந்தது. கல்லையும் மரத்தையுங் கொண்டு கோயிலைத் திரும்பக் கட்டலாம். மனப்பாடமாக மட்டும் வாழும் பாட்டு, பாடுவோர் மறைந்தால் அவரோடு மறைந்துவிடும். தோட்டத்து இளைஞர் பலர் இன்று தொழில் தேடிக் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். அவர்கள் செல்வது குற்றமன்று. லயத்து வாழ்வினின்றும் விடுபட வேண்டியவர்களே. ஆயினும் கம்பம் நடுவதற்குக் கைகள் குறைந்து வருகின்றன.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மாசியிலே உங்கள் மாணவர்களைத் தோட்டத்து முதியோரிடம் அனுப்புங்கள். அவர்கள் பாடுவதைப் பிள்ளைகள் தம் கொப்பியில் எழுதி வரட்டும். அன்றைய தமிழ்ப் பாடம் அதுவாகவே இருக்கட்டும்.